அறுபதடி நாகமும் நான்கு கடல் அரசர்களும்

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டுக்குப் போகிற சாலையில், பங்குனி வெயில் ஏறிவிட்டால் தண்ணீரைக் கண்ணால் பார்ப்பது அரிது. ஏரிகளில் வேலிக்காத்தான் முளைத்துக் கிடக்கிறது. கிணறுகளை எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரிகிறது. ஆனால் தண்ணீரைத் தேடிப் போகிற வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. திருச்செங்கோடு நெருங்க நெருங்கச் சாலையின் இருபுறமும் ரிக் வண்டிகள் கோபுரத்தைப் படுக்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் என்று வட இந்தியா வரைக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகளுக்குச் சொந்த ஊர் இது. பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்கிறது. அந்தப் பட்டறைகளுக்கு மேலே, ஊரைப் பார்த்தபடி நிற்கிறது நாககிரி.

பையில் ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்ற சீன நாவல் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் மிங் வம்சக் காலத்தில் எழுதப்பட்டது. வூ செங்-என் எழுதியதாகச் சொல்வார்கள். அதில் வருகிற டிராகன் அரசர்களைப் படித்துவிட்டு, நம் ஊர் நாகராஜர்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரு தரப்பும் உறவுக்காரர்கள். சீனத்தில் டிராகன் மிகப் பழைய பிராணி. மேகத்துக்கும் நீருக்கும் உரியது. ஆனால் அதற்கு அரண்மனை, அமைச்சர், இளவரசன், இளவரசி என்று ஓர் அரசவையே அமைந்தது பௌத்தம் அங்கே போன பிறகு. நம் நாகராஜர்கள் பௌத்த சூத்திரங்களோடு பாலைவனம் கடந்து போய், அங்கே டிராகன் அரசர்களாக முடிசூடிக்கொண்டார்கள். குமாரஜீவர் 406இல் சீனத்தில் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தில் எட்டு நாகராஜர்கள் புத்தரின் சபைக்கு வருகிறார்கள். வாசுகியும் தட்சகனும் அந்த எட்டுப் பேரில் அடக்கம்.

நாவலில் நான்கு கடலுக்கும் நான்கு அரசர்கள். கிழக்கே ஆவ் குவாங், தெற்கே ஆவ் சின், மேற்கே ஆவ் ருன், வடக்கே ஆவ் ஷுன். அண்ணன் தம்பிகள். கிழக்குக் கடலின் அடியில் பளிங்கு மாளிகையில் இறால் படையும் நண்டுத் தளபதிகளும் சூழ ஆவ் குவாங் வீற்றிருக்கிறார். ஆயுதம் கேட்டு அங்கே வந்து நிற்கிறது சுன் வூகொங் என்னும் குரங்கு. அரசர் எதை எடுத்துக் கொடுத்தாலும் கனம் போதவில்லை என்கிறது. கடைசியில் அது தூக்கிக்கொண்டு போவது சீன எடை அளவான கட்டியில் 13,500 கட்டி எடையுள்ள ஓர் இரும்புத் தூணை. ஆதியில் பெருவெள்ளத்தை அடக்கிய யூ என்ற அரசன், நீரின் ஆழத்தை நிர்ணயிக்க வைத்திருந்த தூண் அது. பஸ் ஜன்னலுக்கு வெளியே ரிக் வண்டிகளின் இரும்பு ராடுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தபோது படித்ததால், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மலைக்கு மேலே அர்த்தநாரீசுவரர் கோயில். சம்பந்தர் பாடிய தலம்; தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழியாக இந்த மலையை அறிந்தவர்கள் இன்று அதிகம். உச்சி வரை வண்டி போகத் தார்ச்சாலை இருக்கிறது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகளும் இருக்கின்றன. நாகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் படியில்தான் ஏறவேண்டும்.

வழியில் பாறையின் மேலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஐந்து தலை விரித்த ஆதிசேஷன், நீளம் அறுபதடி. உடல் முழுவதும் மஞ்சளும் குங்குமமும். தலைமுறை தலைமுறையாகக் கைகள் அப்பி அப்பி, கல் எது குங்குமம் எது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டது. நாகர் பள்ளம் என்று இந்த இடத்துக்குப் பெயர். நாகதோஷம் என்று ஜாதகத்தில் எழுதப்பட்டவர்கள், கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள், பிள்ளைக்கு ஏங்குகிறவர்கள் எல்லாரும் இங்கே வந்து நிற்கிறார்கள். நான் போனபோது ஓர் அம்மா, மகளின் கையைப் பிடித்து வால் பக்கத்திலிருந்து தலை வரைக்கும் மஞ்சள் தடவ வைத்துக்கொண்டிருந்தார்.

“தலைக்கு மட்டும் வச்சாப் போதாதுங்களா?” என்று கேட்டேன்.

“அதெப்படிங்க? தலைக்கு வச்சிட்டு உடம்ப விட்டா அவருக்குக் கோவம் வராதுங்களா?” என்றார்.

இந்த மலை இங்கே வந்த கதையே ஒரு சண்டையின் கதை. ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் யார் பெரியவர் என்று போட்டி. சேஷன் மேருவை இறுகச் சுற்றிக்கொள்ள, வாயு புயலாய் அடித்தான். மலை பிய்ந்து சிதறியது. சேஷனின் இரத்தம் பட்டுச் சிவந்த துண்டு இந்த மண்ணில் விழுந்தது என்கிறது தலபுராணம்.

சீனத்தின் வடக்கே ஷான்சி மாகாணத்தில் ஊதாய் என்று ஐந்து சிகர மலை ஒன்று உண்டு. பௌத்தர்களின் பெரிய யாத்திரைத் தலம். மஞ்சுஸ்ரீ போதிசத்துவருக்குரிய மலை. அங்கேயும் இதே சாயலில் ஒரு கதை. ஒரு காலத்தில் அந்த மலை தாங்க முடியாத வெக்கையில் கிடந்ததாம். கிழக்குக் கடல் டிராகன் அரசரிடம் குளிர்ந்த கல் ஒன்று இருந்தது. மழை பெய்துவிட்டுக் களைத்து வருகிற பிள்ளைகள் படுத்து இளைப்பாறும் கல். மஞ்சுஸ்ரீ துறவி வேடத்தில் போய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மலை குளிர்ந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த டிராகன் இளவரசர்கள் கல்லைக் காணாமல் சினந்து, துரத்தி வந்து சிகரங்களைச் சீய்த்துத் தள்ளினார்கள். ஊதாயின் சிகரங்கள் மொட்டையாகவும் தட்டையாகவும் இருப்பது அதனால்தான் என்பது அந்த ஊரார் நம்பிக்கை. அந்த டிராகன்களில் ஐந்தாவதற்கு அங்கே ஒரு கோயில் இருக்கிறது. இன்றும் அந்த மலையில் கூட்டம் அலைமோதுகிற கோயில்களில் ஒன்று அது.

இரண்டு கதையிலும் நாக அரசனின் கோபம் நிலத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. வித்தியாசம் அதற்குப் பிறகு அவனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

சீனர்கள் டிராகன் அரசனை ஓர் அதிகாரியாக்கினார்கள். மழை அவன் பொறுப்பு. ஆனால் தன் இஷ்டத்துக்குப் பெய்ய முடியாது. விண்ணுலகில் மரகதப் பேரரசரிடமிருந்து ஆணை வரவேண்டும். எந்த நாழிகையில் மேகம், எதில் இடி, எதில் மழை, எத்தனை துளி என்று கணக்கு எழுதியிருக்கும். நாவலின் தொடக்கத்திலேயே ஜிங் நதியின் டிராகன் அரசன் இந்தக் கணக்கில் கை வைக்கிறான். தலைநகர் சாங்ஆனில் யுவான் ஷௌசெங் என்ற சோதிடன் ஒருவன், வலையை எங்கே வீசினால் மீன் படும் என்று ஒரு மீனவனுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறான். நதியின் குடிகள் குறைகின்றன. அரசன் மாறுவேடத்தில் போய்ச் சோதிடனை மடக்கப் பார்க்கிறான். நாளைக்கு மழை எவ்வளவு என்று பந்தயம். மூன்றடி மூன்று அங்குலம் நாற்பத்தெட்டுத் துளி என்கிறான் சோதிடன். அரசன் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினால், வானத்திலிருந்து ஆணை வந்திருக்கிறது. அதிலும் அதே அளவு, துளி பிசகாமல்.

பந்தயத்தில் தோற்கக் கூடாது என்று மழையை ஒரு நாழிகை தள்ளிப் போட்டு, மூன்று அங்குலம் எட்டுத் துளியைக் குறைத்துப் பெய்கிறான். குற்றம் அவ்வளவுதான். தண்டனை, சிரச்சேதம். நிறைவேற்ற வேண்டியவர் மனித அமைச்சரான வெய் ஜெங். டிராகன், பேரரசர் தாய்சோங்கின் கனவில் வந்து காப்பாற்றும்படி மன்றாடுகிறது. அமைச்சரைக் குறித்த நேரத்தில் எழவிடாமல் பேரரசர் தன்னோடு காய் வைத்து விளையாட உட்கார்த்தி வைக்கிறார். அமைச்சர் ஆட்டத்தின் நடுவில் கண்ணயர்கிறார். கனவிலேயே போய்த் தலையை வெட்டிவிட்டு விழிக்கிறார். வானத்திலிருந்து டிராகன் தலை விழுகிறது. ஆவி வந்து பேரரசரை அலைக்கழிக்க, அவர் யமலோகம் வரை போய்த் திரும்புகிறார். இறந்தவர்கள் கரையேற வேள்வி, அதற்கு உயர்ந்த சூத்திரங்கள் வேண்டும் என்று சுவான்சாங் துறவியை இந்தியாவுக்கு அனுப்புகிறார். நூறு அத்தியாய நாவலின் பயணம் முழுவதும் மூன்று அங்குல மழையைக் களவாடியதில் தொடங்குகிறது. துறவி ஏறிப் போகிற வெள்ளைக் குதிரையும், குற்றம் செய்து தண்டனை பெற்ற மேற்குக் கடல் அரசனின் மகன்தான்.

நிஜமான சுவான்சாங் 7ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தவர். காஞ்சிபுரம் வரை எட்டிப் பார்த்தவர். அவர் குறிப்பில், சுவாத் பள்ளத்தாக்கின் அபலாலன் என்ற நாகத்தின் கதை இருக்கிறது. முற்பிறவியில் அவன் மந்திரத்தால் மழையைக் கட்டுப்படுத்திய மனிதன். ஊரார் அதற்காகத் தானியம் அளந்தார்கள். பிறகு அளப்பதை நிறுத்தினார்கள். வஞ்சினத்தோடு இறந்து நாகமாய்ப் பிறந்து வெள்ளத்தால் வயல்களை அழித்தான். புத்தர் அடக்கியபோது, அதுதான் என் பிழைப்பு என்று முறையிட்டு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு விளைச்சல் தனக்கு என்று ஒப்பந்தம் வாங்கிக்கொண்டான். அவருக்கு முன்பே வந்த ஃபாஹியான், சங்காசியத்தில் வெண்காது நாகம் ஒன்று பருவம் தவறாமல் மழை தருவதாகவும் பிக்குகள் அதற்கு இருக்கை போட்டு உணவு வைப்பதாகவும் எழுதினார். நாகத்துக்கும் மனிதருக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதைச் சீன யாத்திரிகர்கள் நம் மண்ணிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள்.

மலை இறங்கி ஒரு ரிக் பட்டறை வாசலில் டீ குடித்தேன். ராஜஸ்தானிலிருந்து திரும்பியிருந்த ஒரு டிரில்லர் பேச்சுக் கொடுத்தார். இருபதடி ராடுகளை ஒன்றோடொன்று கோத்து இறக்குவது, கம்ப்ரஸர் காற்றில் ஹேமர் அடிப்பது எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கினார். “பாறைல அடிக்கிறப்ப மாவு மாதிரி பொடிதாங்க வரும். பொடி ஈரமாகிச் சேறா வந்துச்சுன்னா எல்லாத்துக்கும் உயிர் வந்துரும்” என்றார். நம்மூர்ப் பக்கம் எத்தனை அடி என்று கேட்டதற்கு, “எங்கப்பா காலத்துல இருநூறுங்க. இப்ப ஆயிரம் போட்டும் பொடிதான்” என்று சொல்லிவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்தார்.

இந்தச் சமவெளிக்கு அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. மணல் போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. வெடிப்புகளில் மட்டும் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கும். அந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கத்தான் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடக்கிறார்கள். வேப்பங்குச்சி பிடிக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீர் பார்க்கும் முறைக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. மரத்துக்குப் பக்கத்தில் புற்று இருந்தால் இன்ன திசையில், இன்ன ஆழத்தில் நீர் என்று அவர் அடையாளம் சொல்லிக்கொண்டே போகிறார். புற்றில் பால் ஊற்றுகிறவர்களும் புற்றைப் பார்த்துக் கிணறு வெட்டியவர்களும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள். சீன டிராகனுக்கு மேகம் வீடு என்றால், மழை குறைந்த நம் மேட்டு நிலத்தில் நாகம் பூமிக்கு அடியில் நீரைக் காத்துக்கொண்டு கிடக்கிறது.

அங்கிருந்து நாமக்கல். முட்டையும் லாரியும் என்று பெயரெடுத்த ஊர். நடுவில் ஒரே பாறையாக நாமகிரி, உச்சியில் கோட்டை. பாறையின் ஒரு பக்கம் குடைவரையில் நரசிம்மர், மறுபக்கம் படியேறிப் போனால் குடைவரையில் அரங்கநாதர். 8ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்துக் குணசீலன் குடைவித்தது. கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம். எதிரே பதினெட்டடி ஆஞ்சநேயர், மேலே கூரை இல்லாமல், கைகூப்பி நிற்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குப் படுக்கை ஆதிசேஷன். இங்கே கார்கோடகன். எட்டு மகாநாகர்களில் ஒருவன், அரசன். தவமிருந்து இந்தப் பதவியைப் பெற்றான் என்கிறது கோயில் மரபு. நளன் கதையில் இவனைப் பார்த்திருப்போம். சாபத்தால் அசைய முடியாமல் காட்டுத் தீயில் சிக்கியவனை நளன் தூக்கிக்கொண்டு, ஒன்று இரண்டு என்று அடியெண்ணி நடக்கிறான். பத்தாவது அடியில் கார்கோடகன் அவனைக் கடித்துவிடுகிறான். அழகன் விகாரமாகிறான். ஆனால் அந்த விஷம் நளனுக்குள் புகுந்திருந்த கலியைத்தான் எரித்தது. மாறிய உருவம் பகைவர் கண்ணிலிருந்து அவனை மறைத்தது. நன்றியைப் பல்லால் காட்டிய அரசன் இவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

இதே கார்கோடகன் நேபாளத்திலும் இருக்கிறான். சுயம்பு புராணத்தின்படி காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி, நாகங்களின் குடியிருப்பு. மகாசீனத்தின் ஐந்து சிகர மலையிலிருந்து மஞ்சுஸ்ரீ வந்து, வாளால் சோபார் மலையைப் பிளந்து ஏரியை வடித்துவிடுகிறார். நாகங்கள் வெளியேறுகின்றன. கார்கோடகனை மட்டும் தங்கும்படி கேட்டுக்கொண்டு, தவுதகம் என்ற குளத்தைக் கொடுக்கிறார். அந்தக் குளம் காத்மாண்டுக்கு அருகே இன்றும் இருக்கிறது. டிராகன் அரசரின் கல்லை எடுத்து வந்த அதே மஞ்சுஸ்ரீ. அதே ஊதாய் மலை. அனுமன் சாளக்கிராமத்தைத் தூக்கி வந்து இறக்கி வைத்ததில் வளர்ந்ததுதான் நாமக்கல் பாறை என்கிறார்கள். சாளக்கிராமம் விளைவது நேபாளத்துக் கண்டகி நதியில். கல்லும் நாகமும் ஒரே திசையிலிருந்து இந்த ஊருக்கு வந்திருக்கின்றன.

நாகத்தின் அரச குடும்பம் தமிழுக்குப் புதிதில்லை. மணிமேகலையில் நாகநாட்டு வளைவணன் மகள் பீலிவளை, சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு புகாரின் கானலில் கூடி, பிரிந்து போகிறாள். அவள் கப்பலில் அனுப்பிய குழந்தை கடலில் காணாமல் போகிறது. மகனைத் தேடி அலைந்த சோழன் இந்திர விழாவை மறக்கிறான். புகாரைக் கடல் கொள்கிறது. தாங் வம்சக் காலத்தில் லீ சாவ்வெய் எழுதிய லியூ யீ கதையிலும் டிராகன் இளவரசி ஒருத்தி இருக்கிறாள். கணவன் வீட்டுக் கொடுமையில் ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கிறாள். அந்த ஆடுகள் உண்மையில் மழை வேலையாட்கள். தேர்வில் தோற்று ஊர் திரும்புகிற லியூ யீ அவள் கடிதத்தை தொங்திங் ஏரிக்குள் அவள் தந்தையிடம் கொண்டுபோகிறான். சேதி கேட்ட சித்தப்பா டிராகன் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்துபோய் மருமகனை விழுங்கிவிட்டு வருகிறது. கடைசியில் லியூ யீ அவளையே மணக்கிறான். அங்கே நீரரசன் மகளுக்கு நீதி கிடைக்கிறது. இங்கே விழாவை மறந்த நகரத்தின் மேல் கடல் ஏறுகிறது. டிராகன்களின் அரசவை இன்னும் ஓய்ந்தபாடில்லை. கிழக்குக் கடல் அரசனின் மகனைக் கொன்ற சிறுவன் நேஜாவைப் பற்றிய ‘நேஜா 2’ படம் 2025இல் வந்து 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நேஜாவின் மூலம் நம் குபேரன் மகன் நளகூபரன்.

மழை பொய்த்தால் சீனக் கிராமத்தார் டிராகன் அரசனின் சிலையைக் கோயிலிலிருந்து தூக்கி வந்து வெயிலில் போடுவார்கள். நாங்கள் காய்கிறோம், நீயும் காய்ந்து பார் என்று. கொங்கு நாட்டில் பெண்கள் வீடு வீடாக மழைச்சோறு வாங்கி, ஊர்ப் பொதுவில் ஒப்பாரி வைப்பார்கள். கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். அங்கே பொறுப்பை அதிகாரியின் தலையில் வைத்தார்கள். இங்கே ஊரே பாவத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

இந்த இரண்டில் எனக்குச் சீனக் கணக்கு பிடிக்கிறது. வானத்து அரசனே ஆனாலும் மூன்று அங்குலத் தண்ணீருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு நாவல் நினைத்தது. நாமோ பூமிக்கடியில் கிடப்பதைக் கணக்கில்லாமல் எடுக்கிறோம். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை நெறிப்படுத்த 2003இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது 2013இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ரிக் வண்டிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; அவர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறார்கள். கூப்பிடுகிறவர்கள் நாம்தான். வால் முதல் தலை வரைக்கும் மஞ்சள் தடவாவிட்டால் நாகம் கோபிக்கும் என்று பயப்படத் தெரிந்த நமக்கு, ஆயிரம் அடிக்குக் கீழே இன்னொரு ராடைக் கோக்கும்போது அந்தப் பயம் வருவதில்லை.

திருச்செங்கோட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஏழு மணிக்குள் படியேறத் தொடங்கிவிடுங்கள்; வெயில் ஏறினால் பாறை சுடும். குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். மலைச்சாலையில் வண்டியில் போனால் அர்த்தநாரீசுவரரைப் பார்த்துவிட்டு வரலாம். நாகத்தைப் பார்க்க முடியாது.